தலையில்லாத அம்புகள்

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவே பால்வெளி மண்டலம் கிடைமட்டமாகச் செம்பழுப்பில் ஓடும். மேலும் கீழும் நீலம். எல்லாவற்றின் மீதும் மெல்லிய இழைகள், ஈரக் களிமண்ணில் யாரோ சீப்பை வைத்து இழுத்ததுபோலச் சுழன்றும் மடிந்தும் போய்க்கொண்டிருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளாங்க் செயற்கைக்கோள் திரட்டிய தரவிலிருந்து 2014, 2015 வாக்கில் இந்தவகைப் படங்கள் வெளியாகத் தொடங்கின. நம் பால்வெளியின் காந்தப்புலம், நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களின் காந்தப்புலம் என்று தலைப்பு. வெளியான நாளிலிருந்தே ஒரு வாக்கியமும் கூடவே ஒட்டிக்கொண்டது: வான்கோ வரைந்ததுபோல் இருக்கிறது.

நானும் அதைச் சொன்னவன்தான். ஐந்தாறு வருடம் என் மடிக்கணினியின் முகப்பில் ஓரியன் மேகத்தின் படம் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் படத்தின் மீதான விமர்சனம். ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, இதில் எது கவிஞர் பார்த்தது, எது மொழி தானாகவே கொண்டுவந்து சேர்த்தது என்று கேட்கிறோம் இல்லையா, அதே கேள்வியை ஒரு வரைபடத்திடம் கேட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி என்னுடையதும் இல்லை. போன பொங்கலுக்கு செல்லிப்பட்டு போயிருந்தபோது, பத்தாவது படிக்கும் அக்கா மகள் மடிக்கணினித் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, இந்தக் கோடெல்லாம் நெஜமாவே அங்க இருக்குதா?"

"இருக்குது" என்றேன். பிறகு, "இல்ல… அதாவது…" என்று இழுத்தேன்.

"இருக்கா இல்லையா?"

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன். அது பதிலே இல்லை. மாலையில் இரண்டு பேரும் ஆற்றுப்பக்கம் போனோம். வீடூர் அணையைத் திறந்துவிட்டால் சங்கராபரணியில் வெள்ளம் வந்துபோகும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணைப் பக்கம், வெள்ளம் வடிந்த கரையில் நாணல் எல்லாம் ஒரே வாட்டமாகப் படுத்துக்கிடந்தது. "இதோ பார், தண்ணி இப்பத்தான் போச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னு புல்லு சொல்லுது பாரு. அங்க தூசி இப்படித்தான் படுத்துக் கிடக்கு" என்றேன். அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த உவமையிலும் இரண்டு தப்பு இருந்தது.

முதல் தப்பு. புல்லுக்கு வேர் உண்டு. ஒரு முனை மண்ணில் நிற்பதால்தான் மறுமுனை சாய்ந்த பக்கம் ஓட்டத்தின் திசை என்று சொல்ல முடிகிறது. விண்வெளித் தூசிக்கு வேர் கிடையாது. தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிலிக்கேட், கார்பன் துணுக்குகள் அவை. உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருக்கும். ஓயாமல் சுழலும். நட்சத்திர ஒளி அவற்றைத் தட்டிச் சுழலவைக்கிறது. அந்தச் சுழற்சியின் அச்சு காந்தப்புலத்தோடு இசைந்துபோகிறது. ஆகவே அவை வரிசைப்படுகின்றன. ஆனால் புலம் கிழக்கிலிருந்து மேற்கே போகிறதா, மேற்கிலிருந்து கிழக்கே போகிறதா என்று தூசிக்குத் தெரியாது. கிழக்கு–மேற்காகப் போகிறது என்பதோடு சரி. துறைக்காரர்கள் இதைப் பேச்சுவழக்கில் வெக்டர் என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். வெக்டருக்குத் தலை வேண்டும். இவை தலையில்லாத அம்புகள்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். புல் ஓட்டத்தின் வாட்டத்தில் படுக்கும். தூசி புலத்துக்குக் குறுக்காக நிற்கும். அச்சு புலத்தின் வழியே இருந்தால் நீண்ட பக்கம் அதற்குச் செங்குத்தாகத்தானே சுழலவேண்டும். மைனஸ் 255 டிகிரி அளவில் இருக்கும் இந்தத் தூசி, அந்தக் குளிரிலும் கொஞ்சம் வெப்பக் கதிரை உமிழ்கிறது. நீண்ட பக்கத்தின் வழியே அந்தக் கதிர் சற்று அதிகமாக அதிர்கிறது. இதைத்தான் முனைவுற்ற உமிழ்வு என்கிறோம். பிளாங்க் இதை 353 கிகாஹெர்ட்ஸில், அதாவது சுமார் 850 மைக்ரான் அலைநீளத்தில் அளந்தது. ஆக, அளந்த கோட்டை 90 டிகிரி திருப்பினால்தான் காந்தப்புலம் கிடைக்கும். படத்தில் நாம் பார்ப்பது தூசி நிற்கும் வாட்டம் இல்லை; அது சுட்டாமல் சுட்டுகிற வாட்டம். இறைச்சிப் பொருள் என்று நம் இலக்கணத்தில் சொல்வார்களே, அதற்குப் பக்கத்தில் வருகிற சங்கதி.

இவ்வளவும் இயற்கையின் பங்கு. இனி கணினியின் பங்கு.

படத்தில் நம்மை மயக்குகிற அந்த இழைகளை உருவாக்கும் முறைக்கு லைன் இன்டெக்ரல் கான்வொல்யூஷன் என்று பெயர். 1993இல் கேப்ரல், லீடம் என்ற இருவர் கணினி வரைகலைக்காகக் கண்டுபிடித்தது. வானியலுக்காக இல்லை. செய்முறை எளிது. பழைய தொலைக்காட்சியில் நிலையம் கிடைக்காதபோது கொசகொசவென்று புள்ளிகள் வருமே, அதுபோல ஓர் இரைச்சல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும், அங்குள்ள புலத்தின் வாட்டத்தில் முன்னும் பின்னும் கொஞ்சதூரம் நடந்து, வழியில் வந்த புள்ளிகளின் சராசரியை எடுங்கள். அவ்வளவுதான். இரைச்சல் புலத்தின் வழியே இழுக்கப்பட்டு இழையாக மாறிவிடும்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இதை பைத்தானில் எழுதிப் பார்த்தேன். நாற்பது வரிகூட வரவில்லை. பிளாங்க் தரவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, இறக்கிக்கொண்டேன். படம் வந்தது. அதே வான்கோ. பிறகு இரைச்சலை உருவாக்கும் விதை எண்ணை 42இலிருந்து 43 ஆக்கி மறுபடி ஓட்டினேன். ஒரு இழைகூடப் பழைய இடத்தில் இல்லை. சுழல்கள் அங்கேயேதான் இருந்தன, வாட்டம் மாறவில்லை. ஆனால் நான் வருடக்கணக்கில் விரலால் தடவிப் பார்த்த "அந்த" இழை, ஓரியனின் ஓரத்தில் கொக்கிபோல் வளையும் அந்த ஒரு இழை, அது ஒரு எண்ணின் பிள்ளை. வானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கணக்குப் போட்டாலும் இது தெரியவேண்டும். முழுநிலவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கீழே எதையும் பிளாங்க் பிரித்துப் பார்க்காது. 450 ஒளியாண்டு தொலைவில், கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் பக்கத்தில் இருக்கும் டாரஸ் மேகத்தில் அது அரை ஒளியாண்டுக்கு மேல் வரும். அதைவிட மெல்லிய இழை படத்தில் தெரிந்தால் அது அளவையிலிருந்து வந்திருக்க வழியில்லை.

பிளாங்க் குழு இதை ஒளிக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் படக்குறிப்பில் எந்த முறை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படம் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு ஊர்சுற்றக் கிளம்பியதுதான் சிக்கல். கவிதை வரியைப் பிய்த்து நிலைத்தகவலாகப் போடுகிற மாதிரி.

என் கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். நான் செய்த படத்தை, நானே எழுதிய நாற்பது வரி என்ற பெருமையோடு, நண்பர்கள் வட்டத்தில் போட்டேன். நல்ல வரவேற்பு. ஒருவர் அச்செடுத்துச் சட்டம் போடப்போவதாகச் சொன்னார். நான்கு நாள் கழித்து, வெளியாகியிருக்கும் ஓரியன் வரைபடத்தோடு ஒப்பிட்டபோது வயிற்றைப் பிசைந்தது. என் படத்தில் சில இடங்களில் கோடுகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் சாய்வு மாறிக்கிடந்தன. காரணம் ஒரு கழித்தல் குறி. முனைவுறுதலைப் பதிவுசெய்யும் எண்களில் யூ என்று ஒன்று உண்டு. அதன் குறியை அண்டவியல்காரர்கள் ஒரு மாதிரியும் சர்வதேச வானியல் ஒன்றியம் அதற்கு நேரெதிராகவும் வைத்திருக்கிறார்கள். பிளாங்க் கோப்பு முதல் வகை. நான் இரண்டாவது என்று எண்ணிக்கொண்டேன். பால்வெளித் தளத்தில் புலம் பெரும்பாலும் தளத்தோடு இணையாகவே ஓடுவதால், அங்கே குறி மாறினாலும் கோடு மாறாது. நடுப்பகுதி சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தப்பு செய்தது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. வாரத்துக்கு நாலு தப்பு செய்து சம்பளம் வாங்குகிற தொழில்தான். தப்பான படமும் சரியான படம் அளவுக்கே அழகாக இருந்தது, அதுதான் தொந்தரவு. ஒருவேளை கொஞ்சம் கூடுதல் அழகாகவும். அப்படியென்றால் இத்தனை வருடம் நான் எதை ரசித்துக்கொண்டிருந்தேன்?

இங்கேதான் சந்திரசேகர் வருகிறார். இந்தத் துறையின் வேரில் இரண்டு இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. தமிழில் அவரைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் 1930இன் கப்பல் பயணமும், 1935இல் எடிங்டன் செய்த அவமானமும், 1983இன் நோபலும் தவறாமல் வரும். தூசி வராது. நமக்கு அவமானப்பட்டு வென்ற தமிழன் என்ற கதை போதுமாக இருக்கிறது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி என்று பட்டியல் போடுவோம். அவருடைய அம்மா சீதாலட்சுமி இப்ஸனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் என்பதைக்கூட அதிகம் பேர் சொல்வதில்லை.

முதல் இடம், 1946. வெப்பம் மிகுந்த நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி முனைவுற்றிருக்கவேண்டும் என்று சந்திரசேகர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களில் இதைத் தேடிப் பார்க்க ஹில்ட்னர், ஹால் இருவரும் இறங்கினார்கள். முனைவுற்ற ஒளி கிடைத்தது. ஆனால் கிரகணத்தோடு அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வழியில் இருந்த ஏதோ ஒன்று ஒளியைச் சலித்து அனுப்பியிருக்கிறது. 1949இல் இருவரும் தனித்தனியே அறிவித்தார்கள். தேடியது கிடைக்காமல் வழியிலிருந்த தூசி கிடைத்த கதை இது. சந்திரசேகரின் கணிப்பு தப்பில்லை. அது தேடவைத்தது, அவ்வளவே.

இரண்டாவது இடம், 1953. அப்போது அவரும் என்ரிகோ ஃபெர்மியும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதி 'ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழில் வந்த கட்டுரை, சுருள் கரங்களில் காந்தப்புலம் பற்றியது. மூன்றே பக்கம். நான் வாசித்த அறிவியல் உரைநடையில் இவ்வளவு கச்சிதமானது குறைவு.

அதிலுள்ள யோசனையை எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றை வைத்துச் சொல்கிறேன். தொலைவில் நின்று பார்க்கிறீர்கள். கயிறு எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் காற்றடிக்கும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம். இறுக்கமான கயிறு கொஞ்சமாக ஆடும், தொய்ந்த கயிறு வீசி ஆடும். காற்றின் வேகமும் கயிற்றின் எடையும் தெரிந்தால், ஆட்டத்தைப் பார்த்தே இறுக்கத்தைச் சொல்லிவிடலாம். காந்தப்புலம்தான் கயிறு. வாயுவின் அடர்த்தி அதன் எடை. வாயுவின் தாறுமாறான வேகம்தான் காற்று. ஆட்டம் என்பது, பல நட்சத்திரங்களின் முனைவுக் கோடுகள் பொதுவான வாட்டத்திலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்பது.

அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள்: கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணு என்ற அளவு அடர்த்தி, நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம், 0.2 ரேடியன் விலகல், அதாவது சுமார் 11 டிகிரி. கிடைத்த விடை 7.2 மைக்ரோகாஸ். என் கணினியில் தட்டிப் பார்த்தேன், 7.2தான். நம் வீட்டுத் திசைகாட்டி முள்ளை நகர்த்துகிற பூமியின் புலத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே கட்டுரையில், சுருள் கரம் தன் ஈர்ப்பால் நசுங்காமலும் விரிந்துபோகாமலும் இருக்க எவ்வளவு புலம் வேண்டும் என்று வேறொரு வழியிலும் கணக்கிட்டார்கள். 6 வந்தது. இன்றைய மதிப்பீடுகளும் சில மைக்ரோகாஸ் என்ற அளவிலேயே நிற்கின்றன. லெவரெட் டேவிஸ் 1951இலேயே இந்த வழியில் யோசித்திருந்தார் என்பதால் மூவர் பெயரிலும் இந்த முறை இன்று வழங்குகிறது.

இதில் என்னை நிறுத்துவது எது என்றால், எல்லாரும் கோடுகளின் ஒற்றுமையைப் பார்த்து வியந்துகொண்டிருந்தபோது இந்த இரண்டு பேரும் ஒற்றுமையின்மையைப் பார்த்தார்கள். வாட்டம் தலைப்பு, விலகல்தான் வரி. எத்தனை ஒளியாண்டு தூரத்தில் இருந்தாலும் பலத்தைச் சொல்வது அந்தப் 11 டிகிரிச் சிதறல்தான். பிளாங்க் படத்தில் இழைகளை இழுத்து வழவழப்பாக்கும்போது முதலில் நம் கண்ணிலிருந்து மறைவதும் அதுதான். பக்கத்துப் பக்கத்து அளவைகள் முரண்படுகிற இடத்தில் எல்லாம் படம் ஒரு அழகான வளைவைப் போட்டுச் சமாதானம் செய்துவைக்கிறது. இதுதான் அந்தப் படத்தின் மீது என் முதன்மையான குற்றச்சாட்டு. பழைய ஆய்விதழ்களில், நெல் உமி சிதறியதுபோல் குட்டிக்குட்டிக் கோடுகளாக வரும் கறுப்பு வெள்ளை வரைபடங்கள் இருக்கின்றன. அழகே இல்லாதவை. அவற்றில் விலகல் கண்ணுக்குத் தெரியும்.

சந்திரசேகர் அறிவியலில் அழகைப் பற்றி நிறையப் பேசியவர்; 1987இல் 'உண்மையும் அழகும்' என்ற பொருளில் தலைப்பிட்ட அவருடைய உரைத் தொகுப்பு வந்தது. அவருக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பொதுச் சார்பியல். பேரழகு. ஆனால் எனக்கு இந்த மூன்று பக்கம்தான் பிடித்திருக்கிறது. இதில் பிசிறு நிறைய. விலகல் முழுக்கக் காந்த அலைகளால்தான், புலம் ஓரளவு நேராகவே இருக்கிறது, நம் பார்வைக்கோட்டில் ஒரே ஒரு அடுக்குதான் என்றெல்லாம் ஏற்றுக்கொண்டால்தான் கணக்கு நிற்கும். பிற்காலக் கணினி உருவகப்படுத்தல்கள், விடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. விலகல் 25 டிகிரியைத் தாண்டினால் முறையே நம்பத்தகாது என்கின்றன. அப்படியும் எழுபது வருடமாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

படத்தை வாசிப்பது விளையாட்டில்லை என்பதற்கு 2014ஐ நினைவுபடுத்திக்கொண்டால் போதும். மார்ச் 17 அன்று, தென்துருவத்திலிருந்த பைசெப்2 குழு, பிரபஞ்சத் தொடக்கத்தின் ஈர்ப்பலைத் தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. அந்தத் தடயமும் ஒளியின் முனைவில் இருக்கும் சுழல்தான். தூசியால் வரும் சுழல் எவ்வளவு என்று கழித்துப் பார்க்கவேண்டும். அப்போது பிளாங்க் தரவு வெளிவந்திருக்கவில்லை. ஆகவே பிளாங்க் குழு ஒரு மாநாட்டில் காட்டிய ஸ்லைடின் படத்திலிருந்து எண்களைக் கறந்து எடுத்திருந்தார்கள் அவர்களுடைய மதிப்பீடுகளில் ஒன்றுக்கு. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இரு குழுக்களும் சேர்ந்து பார்த்தபோது, அந்தச் சமிக்ஞையில் தூசியின் பங்கைக் கழித்தால் உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஒரு படம், தன் குறிப்பை விட்டுப் பிரிந்து போனதன் விலை.

பிளாங்க் படங்கள் வெறும் அலங்காரம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 2016இல் அந்தக் குழு, நமக்குப் பக்கத்திலிருக்கும் 10 மேகங்களை எடுத்து ஒரு கேள்வி கேட்டது: மேகத்தின் நீண்ட அமைப்புகளுக்கும் புலத்துக்கும் என்ன உறவு? அடர்த்தி குறைந்த இடங்களில் புலம் அவற்றோடு இணையாகப் போகிறது. பார்வைக்கோட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 5-க்குப் பின் 21 சுழியம் என்ற அளவு அணுக்கள் சேர்ந்ததும், பல மேகங்களில் குறுக்காகத் திரும்பிவிடுகிறது. நட்சத்திரம் பிறப்பது இந்தக் குறுக்கே நிற்கும் பகுதிகளில்தான். வாயு தன் எடையால் உள்ளே விழப் பார்க்கிறது. புலம் ஒரு பக்கம் தடுக்கிறது, இன்னொரு பக்கம் வழிவிடுகிறது. புலமே இல்லாவிட்டால், கொந்தளிப்பும் இல்லாவிட்டால், மேகங்கள் இப்போது நடப்பதைவிடப் பன்மடங்கு வேகத்தில் நட்சத்திரங்களாகத் தீர்ந்துபோயிருக்கும். இவ்வளவு பெரிய விஷயம் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. வான்கோ என்று சொல்லிவிட்டால் அத்தோடு வாசிப்பு முடிந்துபோகிறது.

பிளாங்குக்கு எட்டாத நுணுக்கத்தை இப்போது தரையிலிருந்து எடுக்கிறார்கள். ஹவாய் தீவின் மௌனகியா மலையிலிருக்கும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் 'பிஸ்ட்ரோ' என்ற ஆய்வு. அதே 850 மைக்ரான், ஆனால் இருபது மடங்கு கூர்மை. அந்த அணியில் இந்தியப் பெயர்களும் உண்டு. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அர்ச்சனா சோம் முதலாசிரியராக 2018இல் வந்த கட்டுரை, கேட்டை நட்சத்திரத்துக்கு அக்கம்பக்கமான ஒபியூகஸ் மேகத்தின் பி2 என்ற அடர்ந்த பகுதியைப் பற்றியது. அங்கே புலம் 630 மைக்ரோகாஸ். ஓரியனின் மையப் பகுதிக்கு 2017இல் பிஸ்ட்ரோ சொன்னது 6.6 மில்லிகாஸ். இரண்டும் சந்திரசேகர் – ஃபெர்மி வழியில் வந்த எண்கள்தான்.

எண்ணை மட்டும் சொன்னால் நானும் படத்தைக் குறிப்பிலிருந்து பிரித்தவன் ஆவேன். முழு வாக்கியம் இது: 630, கூட்டல் கழித்தல் 410. ஓரியனில் 6.6, கூட்டல் கழித்தல் 4.7. முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் இப்படி ஒரு மதிப்பீடு கொடுத்தால் கூட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்போது சிரிப்பு வருவதில்லை. அடர்த்தியில் ஒரு ஐயம், வேகத்தில் ஒரு ஐயம், விலகலில் ஒரு ஐயம், எல்லாவற்றையும் மறைக்காமல் கூட்டி வாசல்படியில் வைத்திருக்கிறார்கள். நம் வழவழப்பான படத்தில் இந்த 410ஐ எங்கே வரைவது?

போன மாதம் மறுபடி ஊருக்குப் போனபோது, இழை இல்லாத படம் ஒன்றைச் செய்து எடுத்துப்போனேன். ஓரியன் மேகம்தான். குறி சரிபார்த்தது. குட்டிக் கோடுகள் மட்டும். அளவை நம்பத்தகுந்த அளவு வலுவாக இல்லாத இடங்களில் கோடே போடவில்லை. மிக அடர்ந்த நடுப்பகுதிகளில் முனைவின் அளவு குறைந்துபோகும். அங்கே ஒளி உள்ளே போகாததால் தூசியைச் சுழற்றி வரிசைப்படுத்த ஆளில்லையா, அல்லது பல வாட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

அக்கா மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பழசு நல்லா இருந்துச்சு மாமா."

"ஆமா."

"இங்க ஏன் ஒண்ணும் போடல?"

"அங்க என்னன்னு தெரியல."

"அப்ப இந்தக் கோடெல்லாம்?"

"அது அளந்தது. தூசி நிக்கிறதுக்குக் குறுக்கால போட்டிருக்கேன். எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் கேக்காத."

"அம்பு போடலாம் இல்ல?" என்று பேனாவை எடுத்தாள். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.